வேற மாத்திரையும் சாப்பிடறேனுங்க



மார்கழி பிறந்துவிட்டால் திருப்பூரில் பாதி ஊர் இருமிக்கொண்டேதான் வேலைக்குப் போகும். விடியற்காலைப் பனி ஒருபுறம், கட்டிங் ஹாலிலும் தையல் லைனிலும் பறக்கும் பஞ்சுத்தூசி மறுபுறம். பொங்கல் லீவுக்கு முன்னால் ஷிப்மென்ட் அனுப்பியாக வேண்டும் என்று பல கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நேரமும் இதுதான். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால் பீஸ் ரேட்டுக்காரருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் யாரும் படுப்பதில்லை. ராத்திரி ஷிப்ட் விட்டதும் பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் நின்று, “அண்ணா, சளி காச்சலுக்கு ஒரு செட் குடுங்க” என்கிறார்கள்.

அந்தச் செட்டைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் பேச நினைக்கிறேன். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ தினமும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் வாசகர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இந்தப் பக்கத்தைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருந்துக்கடை கவுன்டரில் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். “எத்தனை வேளைக்கு அம்மணி?” என்று கடைக்காரர் கேட்கிறார். நாலைந்து அட்டைகளை எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ மாத்திரையைக் கத்தரிக்கோலால் நறுக்கிச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அட்டையை நறுக்கும்போது மருந்தின் பெயர் அச்சான பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். மறுநாள் டாக்டர் “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால், “ஒரு மஞ்ச மாத்திரை, ஒரு வெள்ள மாத்திரைங்க” என்பதற்கு மேல் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

அந்தக் கவருக்குள் பொதுவாக என்ன இருக்கும்? காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமைன். மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் அல்லது இபுபுரூஃபன். வறட்டு இருமல் என்றால் கூடவே டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த ஒரு பாட்டில் சிரப். எல்லாமே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. வாங்குகிறவர் தினமும் சாப்பிடும் இன்னொரு மருந்தோடு இவை சேரும் இடத்தில்தான் ஆபத்து வருகிறது.

2025 அக்டோபரில் நாடே இருமல் மருந்தைப் பற்றிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அது நஞ்சு கலந்த மருந்து. ஆய்வகம் கண்டுபிடித்தது, அரசு தடை செய்தது. கலப்படமே இல்லாத இரண்டு நல்ல மருந்துகள் ஒரே உடம்பில் மோதிக்கொள்வதை எந்த ஆய்வகமும் முன்கூட்டிப் பிடித்துத் தராது. வாங்குபவரும் விற்பவரும்தான் பிடிக்க வேண்டும்.

மோதல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மனச்சோர்வுக்கு இன்று அதிகமாக எழுதப்படும் மாத்திரைகள் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை. நரம்புகளுக்கு இடையில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளைக் கூடுதல் நேரம் தங்கவைப்பது இவற்றின் வேலை. இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் செரட்டோனினைக் கூட்டும். அதோடு, அந்த இருமல் மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள சிஒய்பி 2டி6 என்ற நொதி. ஃப்ளூஆக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் அந்த நொதியைப் பெருமளவு முடக்கிவிடுகின்றன. லைனில் ஒரே ஒரு பேட்லாக் மெஷின் இருந்து, அதுவும் நின்றுபோனால் பின்னாலிருந்து வரும் பண்டில்கள் எப்படி அங்கேயே குவியும்? அப்படித்தான் இருமல் மருந்தும் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்கிறது. ஃப்ளூஆக்ஸெட்டினை நிறுத்திவிட்டாலும் அதன் தாக்கம் உடம்பில் சில வாரங்கள் வரை இருக்கும். “போன வாரமே நிறுத்திட்டேனே” என்ற கணக்கு அங்கே செல்லாது.

செரட்டோனின் அளவு மிஞ்சினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிற்றுப்போக்கு வரும். மனசு ஒரு நிலையில் நிற்காது. முற்றினால் காய்ச்சல் ஏறும், கால்கள் விறைத்துத் தன்னையறியாமல் துள்ளும், நினைவு தடுமாறும். உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் மருந்து சேர்ந்த சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் இது தெரிந்துவிடும். ஆனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் சாதாரணக் காய்ச்சலிலும் வருவதால், “காச்சல் இன்னும் விடல” என்று நினைத்து இன்னொரு மூடி சிரப்பைக் குடித்துவிடுவோம். அதுதான் பெரிய அபாயம். சொன்ன அளவில் ஒருமுறை குடித்தவர்கள் எல்லாருக்கும் இப்படி ஆகிவிடாது. கடுமையான நிலைமை அரிதுதான். அளவு கூடினாலும், இதே குணம் கொண்ட மூன்றாவது மருந்து ஒன்று சேர்ந்தாலும் அரிது என்பது மாறிவிடும். வலிக்குக் கொடுக்கப்படும் டிரமடால் அப்படிப்பட்ட மூன்றாவது மருந்து. அது வலிப்பையும் தூண்டக்கூடியது.

அடுத்தது, நம் ஊரில் இன்னும் அதிகமாக நடக்கக்கூடிய ஒன்று. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் மெஷினில் குனிந்து உட்காருபவர்களுக்குக் கழுத்துவலியும் இடுப்புவலியும் தீராது. அதற்கு இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் கடலை மிட்டாய் போலக் கைமாறுகின்றன. இந்த வலிமாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். செரட்டோனின் வகை மாத்திரைகளோ ரத்தத்தட்டுகள் ஒன்றுகூடி ரத்தத்தை உறையவைக்கும் வேகத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு, தனித்தனியாகச் சாப்பிடுவதைவிட அதிகம். மலம் தார்போலக் கறுத்துப் போனால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

இதை எழுதும்போது 2019 ஜூனில் வெளிவந்த ஒரு புலனாய்வுச் செய்தி மனதை விட்டு அகலவில்லை. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் பேசியது. மாதவிடாய் வலி என்று சொன்னால், வேலை நிற்காமல் இருக்க, வேலையிடத்திலேயே பெயர் இல்லாத மாத்திரை தரப்பட்டதாக அவர்கள் எல்லாருமே சொன்னார்கள். உடல்நலம் கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அந்த மாத்திரைகளைப் பரிசோதித்தபோது அவை இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் என்று தெரிந்தது. அவர்களில் ஒருவர் மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொடுத்தவருக்கு எது தெரிந்திருக்கும்? சாப்பிட்டவர் எதை வைத்து மறுத்திருக்க முடியும்? முதலுதவிப் பெட்டிக்குள் விதிகளில் குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 1948-லேயே எழுதிவைத்தது. ஒரு மனுஷியின் கையில் பெயரில்லாத மாத்திரையை வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

மூன்றாவது, அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கான பழைய மருந்து இது. இன்று ஒற்றைத் தலைவலிக்கும் நரம்புவலிக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் குறைந்த அளவில் எழுதுகிறார்கள். “எனக்கு மனசுல ஒண்ணும் இல்லீங்க, தலைவலிக்குத்தான் சாப்பிடறேன்” என்று சொல்பவரின் டப்பாவிலும் இது இருக்கலாம். இதோடு சளிக்கான குளோர்பெனிரமைன் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் இரட்டிப்பாகும். வாய் வறளும், பார்வை மங்கும், மலச்சிக்கல் வரும். வயசானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மனக்குழப்பமும் வரும். கட்டிங் மெஷினின் பிளேடுக்கு அருகில் விரலை வைத்து வேலை செய்பவருக்கும், ஷிப்ட் முடிந்து அவிநாசி சாலையில் டூவீலரில் வீடு திரும்புபவருக்கும் ஒரு நொடிக் கண்ணசரல் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் ரத்தக்குழாய்களைச் சுருக்கக்கூடியது. அமிட்ரிப்டிலின் வகையோடும், ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடிய வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகளோடும் அதைச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். ஏற்கெனவே பிபி இருப்பவர்களுக்கு இன்னும் அதிக கவனம். இவ்வளவு ஆபத்தையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அதில் பலன் உண்டா என்றால் அதுவும் சந்தேகம்தான். வாய்வழி சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. சீட்டில்லாமல் விற்கும் சளி மருந்துகளிலிருந்து அதை நீக்கலாம் என்று 2024 நவம்பரில் அந்த நிர்வாகமே முன்மொழிந்தது.

இந்த மோதல்களில் மிகக் கடுமையானது மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் என்ற வகையில் வருவது. மனச்சோர்வுக்கு இந்த வகையை இன்று அரிதாகவே எழுதுகிறார்கள். ஆனால் பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின், ரசாஜிலின் இந்த வகைதான். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிடுக்கும் இந்தக் குணம் உண்டு. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த இருமல் சிரப்பையும் மூக்கடைப்பு மாத்திரையையும் தொடவே கூடாது.

இந்த வகை மருந்தின் கதையிலேயே நமக்கு ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாடினார்கள். மனச்சோர்வு மாத்திரைகளின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்கியது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையை, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ரோவ் என்ற மருந்தாளுநரின் மனைவி சாப்பிட்டு வந்தார். பாலாடைக்கட்டி சாப்பிடும்போதெல்லாம் அவருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ரோவ், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இருந்த பேரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். முதலில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிளாக்வெல் விடாமல் ஆராய்ந்து 1963-இல் லான்செட் இதழில் எழுதினார். பாலாடைக்கட்டியில் உள்ள டைரமைன் என்ற பொருளும் அந்த மாத்திரையும் சேரும்போது ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறுகிறது என்பது உறுதியானது.

பெரிய பெரிய மருந்து நிறுவனங்களுக்குத் தெரியாதது ஒரு மருந்தாளுநருக்கு எப்படித் தெரிந்தது? தன் மனைவி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அவருக்குத் தெரியும், என்ன உணவு சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே ஆள் அறிந்திருந்ததால் முடிச்சு அவிழ்ந்தது. திருப்பூரில் இன்றைக்கு நமக்கு இல்லாமல் இருப்பது அதுதான். மனநல மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு கடையில் வாங்கப்படுகிறது. சளிக்கான செட் இன்னொரு கடையில் வாங்கப்படுகிறது. கழுத்துவலிக்கான மாத்திரையைப் பக்கத்து மெஷின் அக்கா கொடுக்கிறார். மூன்றையும் அறிந்தவர் சாப்பிடுகிற நீங்கள் ஒருவர்தான். நீங்களும் வாய் திறக்காவிட்டால் அந்த விஷயம் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

வாய் திறக்காததன் காரணம் எனக்குப் புரிகிறது. “மனசுக்கு மாத்திரை சாப்பிடறா” என்று லைனில் ஒரு பேச்சு கிளம்பினால் அது ஊருக்குப் போகும், கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும் என்ற பயம். இந்த ஊர் தாங்கியதோ கொஞ்சநஞ்சமில்லை. 2010 வாக்கில் திருப்பூரின் தற்கொலைகள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு கொரோனா ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது எத்தனை வீடுகளில் ஆர்டர் போய்விடுமோ, வேலை போய்விடுமோ என்று தூக்கம் தொலைந்தது! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் இளைஞர்களின் தனிமை தனிக்கதை. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கித் தன்னைக் காத்துக்கொள்கிறார் என்றால் அது பாராட்ட வேண்டிய காரியம். அதை அவர் ஒளித்துச் செய்ய வேண்டியிருப்பது நம் எல்லாருடைய குறை.

உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே உயிரையும் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மருந்துக்கடையில் என்ன நோய் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. “வேற மாத்திரையும் சாப்பிடறேனுங்க, இதோட சேருமா பாருங்க” என்று சொல்லி, அட்டையின் போட்டோவைக் காட்டினால் போதும். இன்று ராத்திரியே நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும், பெயர் தெரியும் பக்கமாக, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர் பார்த்தால் அந்தப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். நம் எழுத்து தெரியாத வடநாட்டுத் தொழிலாளிக்கும் இந்தப் படம் பேசும். மனநலச் சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்குத் தந்திருக்கிறது.

அடுத்த முறை மனநல மருத்துவரைப் பார்க்கும்போது, “சளி, காய்ச்சல், வலி வந்தா எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சீட்டிலேயே எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கக்கூடியது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பெரும்பாலோருக்குப் பாரசிட்டமால் மட்டுமே போதும். சிரப்பிலும் பாரசிட்டமால் இருந்து, செட்டிலும் இருந்தால் அளவு மிஞ்சிக் கல்லீரல் கெடும் என்பதால் அதையும் பார்த்து வாங்குங்கள். ஆவி பிடிப்பதும், உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பதும், ஒரு ஸ்பூன் தேனும், உப்புநீர் மூக்குச் சொட்டும் எந்த மாத்திரையோடும் சண்டைக்குப் போகாது. எதையும் செட்டாகக் கேட்காதீர்கள். எந்தத் தொந்தரவோ அதற்கு ஒரு மருந்து, பெயர் தெரிகிற அட்டையோடு.

இதைப் படித்துப் பயந்துபோய் மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், பழைய சோர்வும் திரும்பலாம். விட வேண்டியது கேட்காமல் வாங்கிய சளி மருந்தைத்தான். சளி மருந்து சாப்பிட்ட பிறகு நடுக்கம், கொட்டும் வேர்வை, கை கால் விறைப்பு, குழப்பம் என்று எது தெரிந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு, சாப்பிட்ட எல்லா அட்டைகளையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள்.

மருந்துக்கடை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் நெரிக்கும் நேரம் என்பது தெரியும். ஆனாலும் “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?” என்ற கேள்விக்கு மூன்று நொடிகூட ஆகாது. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே 2015-ஆம் ஆண்டின் விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. அட்டையை நறுக்கினால் கவர் மேல் பெயரை எழுதிக் கொடுங்கள். கம்பெனி நிர்வாகிகளுக்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது: மாத்திரையைக் கொடுப்பது தகுதி பெற்ற நர்ஸாகவோ டாக்டராகவோ மட்டும் இருக்கட்டும். சூப்பர்வைசரின் மேஜை டிராயரில் மாத்திரைக்கு இடமில்லை. காய்ச்சலோடு வருகிறவரை வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு நாள் லீவு எந்த ஷிப்மென்ட்டையும் கவிழ்த்துவிடாது.

மருந்தால் பாதிப்பு ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தால் நாமும் ரோவைப் போலத் தெரியப்படுத்தலாம். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளியே அழைத்துச் சொல்லலாம். மனசு தாங்கவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

உங்களில் யாராவது இந்தப் பக்கத்தைக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால், பக்கத்து ரூம் ஒடிசாத் தம்பிக்கு அவனுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், இந்த மாத இதழ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று மகிழ்வேன். உங்கள் பகுதியில் பொறுமையாகக் கேட்டு மருந்து கொடுக்கும் கடைக்காரர் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். நல்ல பழக்கம் ஊர் முழுக்கப் பரவ வேண்டும்.

உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்